உடன் வருவோர் எண்ணிக்கை

"இன்னா வேணும் மேடம் உங்களுக்கு?"

"ஒரு டிரம் வேணும் பாய். ஒரே ஒரு நாளைக்கு."

"எத்தினி தோல் போடப் போறீங்க?"

"அஞ்சு."

"அஞ்சா? என் டிரம்ல அஞ்சு தோல் போட்டா, கல்யாண மண்டபத்துல அஞ்சு பேரு உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கும். கேக்கறதுதான் கேக்கறீங்க, ஒரு நாப்பது கேட்டா இன்னா?"

"நாப்பதும் கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டாத்தான் இன்னா, ஆடு எழுந்து வந்து என்னைக் கேக்கப் போவுதா?"

நான்கு வருடங்களுக்கு முன்னால், வாணியம்பாடியில் நிசார் அஹமதுவின் தோல் பதனிடும் ஷாப்பு வாசலில் நடந்த பேச்சு அது. ஹேமலதா அன்று கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். அதே ஊரிலுள்ள கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தோலைப் பதனிடப் போடும், கழிவோடு போய்க் கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கும் குரோமிய உப்பைப் பாதியாகக் குறைத்தாலும் தோல் நன்றாக வரும் என்பதை ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவையில் நிரூபித்துவிட்டிருந்தாள். குடுவையில் நடந்தது ஆள் உயர மரப்பீப்பாய் போலச் சுழலும் நிஜ டிரம்மிலும் நடக்குமா என்று பார்க்க அவளுக்கு ஒரு தோல் ஷாப்பு வேண்டியிருந்தது. ஏறி இறங்கிய ஏழு ஷாப்புகளில் வேலை நேரத்தில் வந்து தொந்தரவு செய்கிறாள் என்ற பார்வைதான் கிடைத்தது. எட்டாவது நிசார் பாயுடையது.

அந்த நாற்பதும் கெட்டுத்தான் போயின. மாவு சரியாகக் கரையாத தோசை போல திட்டுத்திட்டாகக் குரோமிய நீலம் பிடித்து வெளியே வந்தன. அவற்றைத் தரையில் விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நிசார் பாய் ஒரு வார்த்தை திட்டவில்லை. "திங்கக்கிழமை வாங்க, இன்னொரு நாப்பது எடுத்து வைக்கறேன்" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது நாற்பது சரியாக வந்தது. இப்போது அவருடைய ஆறு டிரம்களில் இரண்டு, ஹேமலதாவின் கணக்குப்படிதான் ஓடுகின்றன.

இதையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்தது, கோடை விடுமுறையில் ஆளில்லாத துறை அறையில், கணினியில் ஒரு விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. போர்ச்சுகலில் ஒரு பல்கலைக்கழகம். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பெடுக்க வேண்டும், மூன்று நாள் அவர்களுடைய தோல் ஆய்வுக்கூடத்தில் வேலை. அடுத்த ஜனவரியிலிருந்து பத்து மாதம். இதே ஃபெலோஷிப்புக்கு இதற்கு முன் இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே மறுப்புக் கடிதம் வந்திருந்தது. இந்த முறை புதிதாக ஒன்று கேட்டிருந்தார்கள். ஒரு பேராசிரியரின் பரிந்துரையோடு, தொழிலில் இருக்கும் ஒருவரின் பரிந்துரையும் வேண்டும். நிசார் பாயின் பெயரை எழுதத் தயக்கமே இருக்கவில்லை.

தயக்கம் ஒன்பதாம் பக்கத்தில் வந்தது. 'உடன் வருவோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். கணவன் அல்லது மனைவி, குழந்தைகள் கூட வந்தால் அவர்களுக்கும் பயணச் செலவும் தங்கும் செலவும் உண்டு என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஹேமலதா 2 என்று அடித்தாள். பிறகு அதை அழித்துவிட்டு 0 போட்டாள்.

ஒன்று நவநீதன், அவள் கணவன். இன்னொன்று ஆறு வயது மகள் சௌந்தர்யா.

கேட்டால் நவநீதன் முடியாது என்று சொல்லமாட்டான். அவளுக்கு அதுதான் பயம். மாதனூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன், இந்த ஏப்ரலில்தான் லைன் இன்சார்ஜ் ஆகியிருந்தான். அவனுக்குக் கீழே எழுபது பேர். பத்து மாதம் போய் வந்தால் அந்த இடம் அவனுக்காகக் காத்திருக்காது.

அதோடு, பழைய கதை ஒன்றும் இருந்தது.

கல்யாணமான மூன்றாம் மாதமே அவள் முனைவர் பட்டத்துக்காகச் சென்னைக்குப் போய்விட்டாள். நான்கு வருடம் விடுதி வாழ்க்கை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு நவநீதன் ஆம்பூரில் காலை ரயிலேறி வருவான். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், விடுதிக்கு எதிரே இருந்த பூங்கா பெஞ்சில்தான் சந்திப்பு. துவைத்து மடித்த துணி, பொடி, முறுக்கு என்று ஒரு பை நிறையக் கொண்டுவருவான். அதைக் கொடுத்துவிட்டு, அவளுடைய ஆய்வுக் குறிப்பேட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக வாசிப்பான். "ஏழு புள்ளி நாலு. ஏழு புள்ளி ஆறு. இது இன்னா, ஒன்னா ஏழா? உன் கையெழுத்துக்கு நீயே ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் குடுத்துடு." அவள் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே போவாள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன் அவன். அந்த எண்களில் பாதிக்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. ஆனால் ஒரு எண்ணைக்கூடத் தவறாக வாசித்ததில்லை. மாலை ஆறு மணி ரயிலுக்குக் கிளம்பிவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டான். "கம்பெனிக்கு சென்னைல ஒரு யூனிட் வருது. அங்க மாத்திக்கறியான்னு கேக்கறாங்க. வரட்டுமா ஹேமா?"

வாருங்கள் என்ற சொல் அவளுடைய நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏற்கெனவே அவன் இவ்வளவு செய்கிறான், இதற்கு மேலும் எப்படிக் கேட்பது என்று தோன்றிவிட்டது. "வேணாங்க. அத்தை தனியா இருப்பாங்க இல்ல" என்றாள். அவன் "சரி" என்று குறிப்பேட்டைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவன் கேட்கவே இல்லை. படிப்பு என்று வந்தால் இவளுக்குத் தனியாக இருப்பதுதான் வசதி என்று எடுத்துக்கொண்டான் போலும்.

என்னோடு இருங்கள் என்று ஒரு முறைகூட அவனைக் கேட்டதில்லை. அதை எண்ணிக்கொண்டே ஹேமலதா விண்ணப்பத்தை அனுப்பினாள்.

* * *

வீட்டில் சொன்னது அடுத்த ஞாயிறு காலை. நவநீதன் கூடத்தில் உட்கார்ந்து, சௌந்தர்யாவின் பள்ளி ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். லைன் இன்சார்ஜ் ஆனாலும் பிள்ளையின் ஷூவை வேறு யாரும் தொடக்கூடாது.

"பத்து மாசமா?" என்றாள் மாமியார் ஜெயம்மாள், சமையலறை வாசலில் நின்று. "பத்து மாசத்துல ஒரு புள்ளையே பெத்துடலாமேடி."

"அதத்தான் ஏற்கெனவே பண்ணிட்டாளே" என்றான் நவநீதன். "அதுக்கும் நோட்டு போட்டு, டெம்பரேச்சர் எழுதி வச்சவதான உன் மருமவ."

"போய்ட்டு வரட்டும். எனக்கு இன்னா? நீ பொண்டாட்டி இல்லாம மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருப்ப. அத பாக்க என்னால ஆவாது. நான் கலவையில கீற என் பொண்ணு வீட்டுக்குப் போய்டுவேன். நீயும் அவகூட பிளேன் ஏறு."

"நான் போயி அங்க இன்னா பண்றது? பாத்திரம் கழுவறதா?"

"இங்க மட்டும் கழுவாமலா கீற?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹேமலதாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லியிருக்கலாம். வாங்களேன், நிஜமாகத்தான் கேட்கிறேன் என்று. சௌந்தர்யா குறுக்கே வந்தாள்.

"அம்மா, அந்த ஊருல கம்பெனி பஸ் வருமா?"

தினமும் காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் வந்து நின்று அப்பாவை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. வேலை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பஸ்ஸும் இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

"வராதுடா. அம்மா நடந்து போவா."

"அய்யோ, பாவம்" என்றாள் சௌந்தர்யா.

நவநீதன் ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "கிடைச்சா ஒழுங்கா போ ஹேமா. எங்களப் பத்தி யோசிக்காத. பாப்பாவ நானும் அம்மாவும் பாத்துக்குவோம். நாலு வருஷம் நீ இல்லாம ஓட்டினவங்க, பத்து மாசம் ஓட்ட மாட்டமா?"

மனமாரத்தான் சொன்னான். அவனுடைய நல்ல மனசு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் மனசு. நீங்களும் உள்ளே வாருங்கள் என்று சொல்ல அவளுக்குத்தான் தைரியம் வரவில்லை.

* * *

ஜூன் மாதம், கல்லூரி திறந்த வாரம், ஜோயாவிடமிருந்து போன் வந்தது. நிசார் பாயின் மகள். வேலூரில் எம்.காம். படிக்கிறாள். அப்பாவுக்கு வரும் ஆங்கில மின்னஞ்சல்களுக்கெல்லாம் பதில் போடுகிறவள் அவள்தான்.

"மேடம், திட்டாதீங்க. நான் எவ்வளவோ சண்டை போட்டேன். கேக்கவே மாட்டேன்னுட்டாரு."

"இன்னா ஆச்சு ஜோயா?"

"உங்க ஃபார்ம்ல ஒரு கேள்வி இருந்துச்சு. 'உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல இவங்க எங்க இருக்காங்க'ன்னு. முதல் ரெண்டு சதவீதம், பத்து, இருபத்தஞ்சு, அம்பது. எல்லாரும் ரெண்டுலதான் டிக் பண்ணுவாங்கன்னு சொன்னேன். அப்பா இருபத்தஞ்சுல பண்ணிட்டாரு. அனுப்பியும் ஆச்சு. இனிமே மாத்த முடியாதாம்."

இந்த மாதிரிப் படிவங்களில் பத்து சதவீதம் என்பதே பாதி மறுப்பு. இருபத்தைந்து என்றால், இந்த ஆள் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வது. மூன்றாவது முறையும் போயிற்று.

மாலை வகுப்பு முடிந்ததும் ஆட்டோ பிடித்து ஷாப்புக்குப் போனாள். என்ன கேட்கப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நிசார் பாய் கிடங்கில், மேசை மேல் குவிந்திருந்த தோல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. ஜோயா சொல்லிட்டாளா? நல்ல மார்க்கு போட்டுருக்கேன் உங்களுக்கு."

"சொன்னா பாய். இருபத்தஞ்சுன்னு."

"ஆமா. செகண்ட் செலக்‌ஷன்." பெருமையாகச் சொன்னார். "நம்ம தொழில்ல அதுக்கு மேல யாருக்கும் குடுத்ததில்ல. இங்க பாருங்க." ஒரு தோலை எடுத்து அவள் கையில் வைத்தார். "நூறு தோல் வந்தா ஃபர்ஸ்ட் செலக்‌ஷன் ஏழோ எட்டோ தேறும், செகண்டையும் சேத்தா இருபத்தஞ்சு வரும். இது ஃபர்ஸ்ட்டு. எனக்குத் தெரியும். ஆனா செகண்ட்டுன்னுதான் கட்டு கட்டுவேன். ஏன்?"

"ஏன் பாய்?"

"வாங்கறவன் ஊருல போய் கட்டப் பிரிப்பான் இல்ல? ஃபர்ஸ்ட்டுன்னு எழுதுன கட்டுல ஒரே ஒரு செகண்ட் இருந்தாலும், அடுத்த வருஷம் வேற கடைக்குப் போய்டுவான். செகண்ட்டுன்னு எழுதுன கட்டுல ஃபர்ஸ்ட் இருந்தா? வாழ்நாள் பூரா என்னை விட்டுப் போவமாட்டான். எங்க அப்பா காலத்துலேர்ந்து நாங்க இப்படித்தான். அவங்க உங்களக் கூட்டிக்கினு போயிப் பிரிச்சுப் பாக்கட்டும். அப்ப தெரியும் நிசார் அனுப்புன சரக்கு."

ஹேமலதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபமாக வந்தவளுக்கு அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தன் நாற்பது தோலைக் கெடுத்தவளுக்கு மேலும் எண்பது கொடுத்த மனிதர், இந்த ஊரில் தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த மரியாதையை அவளுக்குச் செய்திருக்கிறார். அது அங்கே எப்படிப் படிக்கப்படும் என்று இவரிடம் எப்படிச் சொல்வது?

அவள் முகத்தைப் பார்த்து நிசார் பாய் தோலைக் கீழே வைத்தார். "இன்னாம்மா, தப்பா எதுனா பண்ணிட்டனா?"

"இல்ல பாய். நல்லதுதான் பண்ணியிருக்கீங்க."

"பின்ன ஏன் அழுவறீங்க? மிளகாப்பொடி வாசனை கூட இல்லியே இங்க." கிடங்கின் மறுபக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய், மேடத்துக்கு ஒரு டீ சொல்லு!"

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, மறுப்புக் கடிதம் வந்தால் அதை நிசார் பாயிடம் காட்டக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

* * *

ஆனால் வந்தது மறுப்புக் கடிதம் இல்லை. ஜூலை பத்தாம் தேதி, புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வீடியோவில் நேர்காணல் என்று எழுதியிருந்தார்கள். ஹேமலதா அந்த மின்னஞ்சலை நான்கு முறை படித்தாள். கடைசியில் நவநீதனுக்கு அனுப்பி, சரியாகத்தான் படித்திருக்கிறேனா என்று கேட்டாள். 'எழுத்தெல்லாம் நல்லா தெரியுது. பாஸ்' என்று பதில் வந்தது.

கல்லூரியில் இணையம் நம்பும்படி இல்லை. வீட்டில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. "நம்ம ஆபீஸ் ரூம் எதுக்கு இருக்கு?" என்றார் நிசார் பாய். வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசுவதற்கென்றே நல்ல இணைப்பும் இன்வெர்ட்டரும் போட்டு வைத்திருந்தார். நவநீதன் அரை நாள் விடுப்பு போட்டு, பைக்கில் மாதனூர் வீட்டிலிருந்து அவளைக் கூட்டி வந்தான். ஆம்பூரைத் தாண்டினார்கள்.

"பயமா?" என்றான் முன்னால் பார்த்தபடியே.

"ம்."

"சரக்கு பாக்க வர்ற பையர் இன்ஸ்பெக்‌ஷன்னு நினைச்சுக்கோ. அவன் குறைய கண்டுபுடிக்கத்தான் வருவான். நாம ஒளிச்சு வச்சாத்தான் கோபம் வரும். இங்க இருக்குன்னு நாமளே காட்டிட்டா, சிரிச்சுட்டுப் போய்டுவான்."

அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேர். நடுவில், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. முதல் அரை மணி நேரம் குரோமியம், கழிவுநீர், வகுப்பில் எப்படிக் கற்பிப்பாள் என்பதெல்லாம். பதில்கள் வந்துகொண்டே இருந்தன. பூங்கா பெஞ்சில் நவநீதன் வாசித்த எண்கள் எல்லாம் மனப்பாடமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

பிறகு அந்தப் பெண்மணி ஒரு காகிதத்தை எடுத்தார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், நிதானமாக.

"எங்களுக்கு ஒன்று புரியவில்லை. உங்கள் பேராசிரியர் உங்களை முதல் இரண்டு சதவீதத்தில் வைத்து, ஆறு வரி எழுதியிருக்கிறார். தோல் ஷாப்பு உரிமையாளர் உங்களை இருபத்தைந்தில் வைத்துவிட்டு, இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். இதைக் கேளுங்கள். 'இவர் என்னுடைய நாற்பது தோல்களைக் கெடுத்தார். கெடுத்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, நான் வருவதற்கு முன்னால், எதனால் கெட்டது என்று பார்க்க வாசலில் வந்து நின்றார். இப்போது என் கிணற்றுத் தண்ணீரில் என் பேரப்பிள்ளைகள் வாய் கொப்பளிக்கிறார்கள்.' இப்படி எழுதுகிறவர் ஏன் இருபத்தைந்தில் வைத்தார்?"

இரண்டு பக்கம் எழுதியதை நிசார் பாய் சொல்லவே இல்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கிடங்கில் நடந்ததை அப்படியே சொன்னாள். முதல் தரத்தை இரண்டாம் தரம் என்று கட்டி அனுப்பும் வழக்கத்தை, வாங்குகிறவன் கட்டைப் பிரிக்கும்போது அவனுக்குக் கிடைக்கும் சந்தோஷத்தை. "எங்கள் ஊரில் நம்பிக்கையைச் சம்பாதிப்பது அப்படித்தான். இது எனக்குக் கிடைத்த மதிப்பெண்களிலேயே பெரியது" என்றாள்.

மூன்று பேரும் சிரித்தார்கள். ஓரத்தில் இருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார். வெள்ளை முடிப் பெண்மணி சிரிப்பை முழுதாக முடிக்காமலே பக்கங்களைப் புரட்டினார்.

"அப்படியானால் இன்னொன்றும் கேட்கிறேன். இதற்கு மதிப்பெண் இல்லை. இரண்டாம் பக்கத்தில் திருமணமானவர், ஒரு மகள் என்று இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் உடன் வருவோர் பூஜ்யம். குறைத்துக் கேட்பதும் உங்கள் ஊர் வழக்கம்தானா?"

குறைத்துக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். ஊர் வழக்கம் என்று சொன்னால் அது ஊர்மேல் பழி. அஞ்சு தோல் கேட்டு நின்றது ஊர் இல்லை, அவள்தான். வேணாங்க, அத்தை தனியா இருப்பாங்க என்று சொன்னதும் அவள்தான்.

"நான் இன்னும் வீட்டில் கேட்கவில்லை" என்றாள் கடைசியில்.

"கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் எண்ணிக்கை தெரியாமல் நாங்கள் திட்டம் போட முடியாது."

திரை அணைந்தது. ஹேமலதாவுக்குப் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் நன்றிதான் நிறைந்திருந்தது. கிடைக்குமோ கிடைக்காதோ, தன்னை வளர்த்துவிட எத்தனை பேர் எவ்வளவு செய்திருக்கிறார்கள். இவ்வளவு பெற்றவள், தனக்கு மிகவும் வேண்டியதை மட்டும் வாயைத் திறந்து கேட்காமல் இருப்பதில் பெருந்தன்மை எதுவும் இல்லை என்று முதல் முறையாகத் தோன்றியது. அது அவன்மேல் நம்பிக்கை வைக்காததுதான்.

வெளியே வந்தாள். முற்றத்தில் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த தோல்களுக்கு நடுவே நவநீதனும் நிசார் பாயும் ஒரு தோலை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

"பாய், இது உண்ணி கடிச்ச தழும்பு. ஷூவுக்கு மேல்தோலா வெட்டினா முன்னாடி வந்து நிக்கும்."

"எங்கப்பா தழும்பு? உன் கண்ணுல இருக்குது தழும்பு. ஹேமா மேடம், இந்த ஆள வீட்ல எப்படி வச்சுக்கினு சமாளிக்கறீங்க? சோறு போட்டா அதுலயும் கல்லு தேடுவாரா?"

"தேடமாட்டாரு பாய். கல்லு இருந்தாலும் சொல்லமாட்டாரு. சாப்டுடுவாரு."

"அட! வீட்ல ஒரு மாதிரி, ஷாப்புல ஒரு மாதிரி." நிசார் பாய் தோலை விட்டார். "பேட்டி எப்படிம்மா?"

"உங்க கடிதத்தப் படிச்சாங்க பாய். கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு." அவள் குனிந்து அவரை நோக்கிக் கைகூப்பினாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

"இன்னாத்துக்கு நன்றி? உள்ளது எழுதினேன். இங்கிலீஷு ஜோயாவுது." வெட்கத்தோடு தாடியைத் தடவிக்கொண்டு, தொழுகைக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார்.

நவநீதன் பைக்கை நிழலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டான்.

"நல்லா பண்ணிட்ட. மூஞ்சில தெரியுது. அப்புறம் ஏன் இப்படி நிக்கற?"

"ஒன்னு கேக்கணும் உங்கள."

"கேளு."

"கிடைக்குமான்னு இன்னும் தெரியாது."

"அது இருக்கட்டும். கேளு."

முற்றத்தின் கோடியில் டிரம் ஒன்று நின்று, இன்னொன்று ஓடத் தொடங்கியது. ஹேமலதா துப்பட்டாவின் முனையைச் சுருட்டினாள். எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியம் எது என்றே மறந்துவிட்டது.

"கிடைச்சா... நடுவுல ஒரு பதினஞ்சு நாள் லீவு போட்டு, பாப்பாவக் கூட்டிக்கிட்டு நீங்க வந்து..."

அவன் தலையசைத்துக்கொண்டே கேட்டான். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டான். கேட்டது குறைவு என்று தெரியாமலே ஒப்புக்கொள்ளப் போகிற முகம். அவள் அவசரமாக அவன் கையைப் பிடித்தாள்.

"இல்ல. இருங்க. அது இல்ல நான் கேக்க வந்தது. அப்ப சென்னைல நீங்க வரட்டுமான்னு கேட்டீங்க, வேணாம்னு சொன்னேன். பொய் சொன்னேங்க. தினமும் உங்கள நினைச்சுக்கிட்டுதான் இருந்தேன். உங்க வேலை இப்பதான் ஒரு இடத்துக்கு வந்திருக்குன்னு எனக்குத் தெரியும். திரும்பி வந்தா அது இருக்காதுன்னும் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். பத்து மாசமும் நீங்களும் பாப்பாவும் என்கூடவே வந்து இருங்க."